எலும்புக்கு மாதச் சந்தா

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மனித எலும்புக்கூட்டுக்கு இப்போது மாதச் சந்தா கட்டலாம். கட்டினால் தொடை எலும்பு ரெலிபோனுக்குள் சுழன்று காட்சி தரும். விரலால் தட்டினால் தசைகள் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். மறுபடி தட்டினால் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். மணமில்லை, கை கழுவும் வேலையில்லை. மருத்துவ பீடத்தில் படிக்கும் என் தங்கையின் மகள் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்து, ஒரு கையால் குழைத்துக்கொண்டு மறு கையால் யாரோ ஒருவருடைய முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பக்கத்தில் இருக்கும் அவளுடைய அம்மம்மா, அதாவது என் அம்மா, "இன்னும் கொஞ்சம் கீரை போடட்டே" என்று கேட்கிறா. இதே அம்மாதான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்த ஒரு பெட்டியைப் படலைக்கு இங்காலே எடுக்க விடாமல் மறித்துக்கொண்டு நின்றவ.

பெட்டிக்குள் அரை மனிதர் இருந்தார். மண்டையோடு, ஒரு பக்கத்துக் கை, ஒரு பக்கத்துக் கால், விலா எலும்புகள், முள்ளந்தண்டின் சில துண்டுகள். மூத்த பட்ச் தன் சோதனை முடிந்ததும் இளைய பட்சுக்குக் கைமாற்றும். அவர்கள் தங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கு. அம்மாவுக்கு இந்தப் பரம்பரைச் சொத்தில் நம்பிக்கை வரவில்லை.

"அது ஆற்றை பிள்ளையோ, ஆற்றை புருசனோ. சாமியறை இருக்கிற வீட்டுக்கை உதைக் கொண்டுவராதை, தம்பி."

கடைசியில் விறகுக் கொட்டிலில் இடம் கிடைத்தது. படிக்க வேண்டுமென்றால் கொட்டிலுக்குப் போக வேண்டும். படித்து முடிந்தால் கிணற்றடியில் குளித்த பிறகுதான் குசினி வாசலுக்கு வரலாம். மாரி காலத்தில் என் படிப்பு குறைந்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல, கிணற்றுத் தண்ணீரின் குளிர்.

அது பொருளாதாரத் தடைக் காலம். 1990 நடுப்பகுதியோடு குடாநாட்டில் கரண்ட் நின்றுபோனது. பற்றி, மெழுகுதிரி, சவர்க்காரம் எல்லாம் வன்னி தாண்டி வராத சாமான்கள். மண்ணெண்ணெய் கிடைத்தாலும் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வரலாம். உடற்கூற்று மண்டபத்தில் ஃபோர்மலினில் ஊறிய கையைக் கழுவ சவர்க்காரம் இல்லாததால் பனங்காய்க் களியைத் தேய்த்துக் கழுவினோம். ஊரே உடுப்புத் தோய்த்தது அதில்தான். அந்த இரண்டு மணமும் சேர்ந்து உண்டாகிற மூன்றாவது மணத்தோடு ஒரு பட்ச் முழுவதும் திரிந்தது. இன்றைக்கும் ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழுகிற வளவுக்குள் போனால் எனக்குத் தோள்மூட்டின் நான்கு தசைகளும் நினைவுக்கு வரும். சுப்ராஸ்பைனேற்றஸ், இன்ஃப்ராஸ்பைனேற்றஸ், ரெரிஸ் மைனர், சப்ஸ்கபுலாரிஸ். இந்தக் கற்பித்தல் முறையை எந்தச் செயலியும் இன்னும் தரவில்லை.

இரவுப் படிப்புக்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், கம்பியில் கோத்த சிறு திரி. அதன் வெளிச்சம் ஒரு பக்கத்துக்குப் போதும், ஒரு ஆளுக்குப் போதும். நாங்களோ ஐந்து பேர். புத்தகம் ஒன்று, அதுவும் பலமுறை தைத்துக் கட்டிய, லாஸ்ற் என்பவரின் உடற்கூற்று நூல். ஆகவே ஒருவன் விளக்கடியில் புத்தகத்தோடு இருந்து கேள்வி கேட்பான். மற்ற நாலு பேரும் இருட்டுக்குள் இருந்து விடை சொல்வார்கள். எட்டிப் பார்க்க வழியில்லை. பார்த்தாலும் எழுத்துத் தெரியாது.

"ரேலஸிலை வந்து ஒட்டுற தசை எத்தினை?"

கணுக்கால் மூட்டில், உடம்பின் பாரம் முழுவதும் வந்து இறங்குகிற எலும்பு அது. இருட்டுக்குள் இருந்து ஒருவன் மூன்று என்பான், பெயரும் சொல்வான். இன்னொருவன் அதைத் திருத்தி நாலாக்குவான். விளக்கடிக்காரன் எல்லோரையும் சொல்ல விட்டுவிட்டு, ஆறுதலாக, "ஒண்டுமில்லை" என்பான். ரேலஸில் ஒரு தசையும் ஒட்டுவதில்லை. சுற்றிவர இணையங்கள் பிடித்து வைத்திருக்க, தசைநாண்கள் பக்கத்தால் கடந்து போகின்றன. அன்றைக்குச் சிரிப்பு வாங்கியவன் அதைச் சாகும்வரை மறக்கமாட்டான். அவன் இப்போது கனடாவில். அண்மையில் ரெலிபோனில் கதைத்தபோது பிள்ளைகளின் பெயரைச் சொல்வதற்கு முன் ரேலஸைத்தான் சொன்னான்.

எலும்புகளுக்கு வெளிச்சமே தேவைப்படவில்லை. மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளையும் ஒரு துணிப்பைக்குள் போட்டு, கையை உள்ளே விட்டு, எடுக்காமலே பெயர் சொல்ல வேண்டும். பிசிபோம் கடலையளவு, ஒரே ஒரு மூட்டுப்பரப்பு, அது இலகு. ஹமேற்றில் ஒரு கொக்கி விரலில் தட்டும். கப்பிற்றேற் எட்டுக்குள்ளும் பெரியது. லூனேற் பிறை வளைவு. ஸ்கஃபொயிட்டையும் ட்ரபீசியத்தையும் மாறிச் சொல்லாதவன் எங்கள் பட்சில் பிறக்கவில்லை. பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, வலமா இடமா என்றும் சொல்ல வேண்டும். காறை எலும்பு என்றால் தடித்த முனை நெஞ்சுப் பக்கம், தட்டையான முனை தோள் பக்கம், கீழ்ப்புறம் நடுவில் ஒரு தவாளிப்பு. மூன்றையும் தடவிப் பிடித்துவிட்டால் பக்கம் தெரிந்துவிடும். அந்தத் தடித்த முனையின் வளர்ச்சி, உடம்பின் மற்ற எலும்புகள் எல்லாம் முடிந்த பிறகு, இருபதுகளில்தான் பொருந்தி முடிகிறது. ஆகவே எலும்புக்கு உரியவரின் வயதென்ன என்பது வைவா என்கிற வாய்மொழிச் சோதனையில் வழமையான கேள்வி, அங்கே பார் என்பது விடை. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மனித எலும்புகளை அகழ்ந்து எடுத்தபோது, வயதென்ன என்ற அந்தக் கேள்வி எங்கள் ஊரில் வைவா மேசையை விட்டு வெளியே வந்தது.

கேள்வி கேட்டுப் படிப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல என்று யாராவது சொல்லக்கூடும். ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையில் எழுத்துக் கூட்டிய ஊர் இது. உண்மைதான். ஆனால் நாங்கள் வினாவிடையில் வினாவையும் சேர்த்தே பாடமாக்கினோம். வாத்தியார் மூன்றாவது வினாவுக்குப் பிறகு நாலாவதைக் கேட்டால் வாய் தானாகத் திறக்கும். ஏழாவதற்குத் தாவினால் வகுப்பே கூரையைப் பார்க்கும். உடற்கூற்றியலில் அந்தச் சௌகரியம் இல்லை. நோயாளி அத்தியாய வரிசையில் விழுந்து காலை முறிப்பதில்லை.

உடற்கூற்றுப் புத்தகங்களின் படங்களிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஹென்றி கிறேயின் உடற்கூற்று நூல் 1858இல் லண்டனில் வெளியானது. படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். பிறகு பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரிக்கு உடற்கூற்றியல் கற்பிக்க வந்தவர். தசை, நரம்பு, எலும்பு எதுவானாலும் பெயரை அதன் மேலேயே எழுதிவிடுவது அவருடைய பாணி. எழுத்தைப் பார்த்து, அடிக்குறிப்பில் அதன் விளக்கத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. மாணவர் கொண்டாடினார்கள். எங்களுக்கு மட்டும் அந்தப் பாணி உபத்திரவமாகப் போயிற்று: கேள்வியின் நெற்றியிலேயே விடை ஒட்டியிருந்தால் யாரைச் சோதிப்பது? பெயர்களின் மேல் கடதாசித் துண்டுகளை வைத்து மறைத்தோம். பிறகு கொப்பியில் நாங்களே படம் கீறி, பெயருக்குப் பதிலாக இலக்கம் போட்டு, விடையைக் கடைசிப் பக்கத்தில் எழுதினோம். அந்தப் படங்களில் சார்ட்டோரியஸ் தசை சில இடங்களில் முழங்காலைத் தவறவிட்டு எங்கோ போகும். கீறியவனுக்குக் கீறத் தெரியாது. ஆனால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவனுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் மானிப்பாயைச் சொல்லாமல் போனால் அந்த ஊரார் கோபிப்பார்கள், நியாயமும் உண்டு. அமெரிக்க மிசனின் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மேற்கத்திய மருத்துவம் படிப்பித்தவர். கிறேயின் அந்தப் பெரிய நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்துவிட்டது. லண்டனில் வெளியாகிப் பதினான்கு வருடத்தில்! அதன் பிறகு நூறு வருடம் கடந்து, 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபோது படிப்பு ஆங்கிலத்தில்தான். என் கொள்ளுத்தாத்தா காலத்து மாணவன் முழங்காலைத் தமிழில் படித்திருக்கிறான். நான் ஆங்கிலத்தில் படித்தேன். நோயாளி இரண்டு பேரிடமும் "முழங்கால் சில்லு நோகுது" என்றுதான் சொன்னார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உடற்கூற்றியல் துறையில் ஒரு வெற்றிடம் இருந்தது. துறைத் தலைவராக இருந்த ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில், திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 35 வயது. மூத்த பட்ச்காரர் அவருடைய பெயரைச் சொல்லத் தொடங்கினால் குரலைத் தாழ்த்துவார்கள், பிறகு கதையை மாற்றுவார்கள். வாய்விட்டுக் கேட்கக் கூடாத கேள்விகளும் அந்தக் காலத்தில் இருந்தன என்பதற்காகச் சொல்கிறேன்.

சோதனைகளில் ஸ்பொட் என்று ஒன்று. மேசை மேசையாக ஒரு எலும்போ, அறுத்து வைத்த கையோ காலோ இருக்கும்; அதில் ஒரு ஊசி குத்தியிருக்கும். ஊசி நிற்பது என்ன, அதற்கு எந்த நரம்பு, அது என்ன வேலை செய்கிறது? மணி அடிக்கும், அடுத்த மேசை. நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் கருணை அங்கே கிடையாது. எழுத்துத் தாளில் இருந்த சரி, பிழைக் கேள்விகளோ வேறு ரகம்: பிழையாகப் போட்டால் கிடைத்த புள்ளியையும் பிடுங்கிக்கொள்வார்கள். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடும் பழக்கத்தை எனக்குத் தந்தது அந்தக் கழித்தல் புள்ளிதான். அரசியல்வாதிகளுக்கும் அதை அறிமுகப்படுத்தலாம்.

வகுப்பு முடிந்தால் வீதி. வடலிக் கரையால் போகும்போது மரமேறுகிறவரைக் கண்டால் சைக்கிள் தானாக நிற்கும். காலில் தளைநார், இரண்டு பாதமும் மரத்தை அணைத்து நிற்க, தொடையின் உட்புறத் தசைகள் இறுகும். கை மேலே போய்ப் பிடித்ததும் முதுகில் விசிறியாக விரிந்த லற்றிசிமஸ் டோர்சை உடம்பையே மேலே இழுக்கும். அதற்கு என்ன நரம்பு? மேற்கை எலும்பில் எங்கே போய் ஒட்டுகிறது? இரண்டு மேஜருக்கு நடுவில் ஒரு லேடி என்பது உலகத்து மருத்துவ மாணவர் எல்லோருக்கும் தெரிந்த ஞாபகச் சூத்திரம்: பெக்ரோரலிஸ் மேஜர் ஒரு பக்கம், ரெரிஸ் மேஜர் மறு பக்கம், நடுவில் லற்றிசிமஸ். அந்த நாளைய யாழ்ப்பாணத்தில் மேஜர் என்று உரக்கச் சொல்வதற்கு முன் முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நாங்கள் மெதுவாகச் சொல்லிப் படித்தோம்.

சங்கக்கடை வரிசையிலும் படிப்பு நடந்தது. பெருவிரலையும் சின்னவிரலையும் தொடவைத்து மணிக்கட்டைச் சற்று மடக்கினால், நடுவில் ஒரு நாண் எழும்பி நிற்கும். அது பல்மாரிஸ் லோங்கஸ். சிலருக்கு அது பிறவியிலேயே இல்லை. இல்லாததால் ஒரு குறையும் இல்லை. மாவுக்கு நின்ற சனம் முழுவதும் கையை மடக்கிப் பார்த்தது. தனக்கு இல்லை என்று கண்டுபிடித்த ஒரு ஐயா, இவ்வளவு காலமும் யாரோ எடுத்துவிட்டார்கள் என்ற மாதிரி எங்களைப் பார்த்தார்.

இதையெல்லாம் கேட்டால் அந்தக் காலம் பொற்காலம் போலத் தோன்றும். தோன்றக் கூடாது. ஒரு மின்குமிழ் தருகிறோம் என்று யாராவது சொல்லியிருந்தால் ஐந்து பேரும் எங்கள் முறை, நெறி எல்லாவற்றையும் அந்தக் கணமே கைவிட்டிருப்போம். ஆளுக்கொரு புத்தகமும் ஆளுக்கொரு லைட்டும் இருந்திருந்தால், வரிகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு, எல்லாம் தெரியும் என்ற நிம்மதியோடு நித்திரையாகியிருப்போம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது அந்த எலும்புப் பெட்டி இளைய பட்ச் ஒன்றிடம் இருந்தது. அதையும் தூக்கிக்கொண்டு போனார்களா, விட்டுவிட்டுப் போனார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

பஞ்சத்துக்குச் செய்த வேலைக்கு விஞ்ஞானம் பிறகு சான்றிதழ் கொடுத்தது. 2006இல் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களுக்குச் சிறு பந்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். சூரியன் பற்றி ஒன்று, கடல் நீர்நாய் பற்றி ஒன்று. ஒரு பகுதியினர் நான்கு முறை படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒருமுறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் உள்ளதை மூன்று முறை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவு, மற்றவர்களுக்கு 71. ஒரு கிழமை கழித்துச் சோதித்தால் படித்தவர்கள் 40, மூடி வைத்து எழுதியவர்கள் 61. நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் யார் என்றால், திரும்பத் திரும்பப் படித்த கூட்டம்! எங்கள் விறகுக் கொட்டிலில் இதை யாரும் ஆய்வுக் கட்டுரையாக எழுதவில்லை. எழுதக் கடதாசியும் இருக்கவில்லை. பத்திரிகைகளே கொப்பித்தாளில் வந்துகொண்டிருந்தன.

அதே 2006இல்தான் டேமியன் எல்ம்ஸ் என்பவர் ஆங்கி என்ற செயலியை வெளியிட்டார். அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. சரியாகச் சொன்னால் அந்த அட்டை சில நாள் கழித்து வரும், பிறகு சில கிழமை, பிறகு சில மாதம். பிழைத்தால் உடனே திரும்ப வந்து வாசலில் நிற்கும். என் மருமகள் இதில்தான் படிக்கிறாள். சந்தா கட்டிச் சுழற்றுகிற எலும்பு அழகுக்கு, சோதனைக்கு ஆங்கி. "இண்டைக்கு இருநூறு காட் கிடக்கு மாமா" என்று கடன்காரன் வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள். விறகுக் கொட்டிலின் விளக்கடிக்காரன் இப்போது ரெலிபோனுக்குள் இருக்கிறான். நித்திரை கொள்வதில்லை, சிரிப்பதுமில்லை.

சிரிக்காததில்தான் எனக்குச் சந்தேகம். விடையைப் பார்த்த பிறகு, சொன்னது சரியா பிழையா என்று அவளேதான் பொத்தானை அழுத்த வேண்டும். நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். விடை பாதிதான் வந்திருக்கும். "இது எனக்குத் தெரியும்தானே" என்று முணுமுணுத்துக்கொண்டு விரல் நல்லது என்ற பொத்தானுக்குப் போகும். தன்னைத் தானே சோதிக்கிறவருக்கு மேற்பார்வையாளர் இல்லை. எங்களுக்கு நாலு வாய் இருந்தது, நாலும் பொல்லாத வாய். அதைவிட, அவளுடைய அட்டைகளில் பாதி அவள் எழுதியவையல்ல. எங்கோ வெளிநாட்டில் ஒரு மாணவன் எழுதி இலவசமாக விட்டவை. கேள்வியை உண்டாக்கும்போதே பாதிப் படிப்பு முடிந்துவிடும் என்பது என் கட்சி. கோணல் படம் கீறியவர்களுக்கு அது தெரியும்.

ஒருநாள் அவளிடம் கேட்டேன். வெங்காயத் தோட்டத்தில் நாள் முழுக்கக் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கினவர் எழும்பி நடக்கும்போது ஒரு பாதம் தொங்குகிறது, நிலத்தில் தட்டித் தட்டிப் போகிறது, என்ன நடந்தது?

"கொமன் பெரோனியல் நேர்வ். ஃபிபியுலாவின்ரை கழுத்தடியிலை அமத்துப்பட்டிருக்கும்" என்றாள் மூச்சு விடாமல். ஒரு அட்டையின் பின்பக்கம் அப்படியே வந்தது. முழுச் சரி.

"சரி பிள்ளை, உன்ரை காலிலை எங்கை? தொட்டுக் காட்டு."

விரல் முழங்காலைச் சுற்றி ஒரு வலம் வந்தது. பிறகு வெளிப்புறம், கொஞ்சம் கீழே, எலும்பின் தலையைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே உருளுகிற நரம்பைத் தானே தடவிப் பார்த்தாள். கால் முழுக்கச் சுள்ளென்றிருக்க வேண்டும். "ஆ... இதுவே மாமா" என்றாள். அன்றிரவு தானாக ஒரு அட்டை எழுதியிருக்கிறாள். முன்பக்கத்தில் எழுத்தில்லை, தன் காலின் படம் மட்டும்.

என் பக்கத்து நிலைமையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பாதம் தொங்குவதும், சைக்கிளால் விழுந்து காறை எலும்பு முறிவதும், முறிவு நெரிவு வைத்தியரிடம் பத்துப் போட்டுவிட்டு வருகிற மணிக்கட்டும் எனக்கு நித்திரையிலும் தெரியும். நோயாளிகள் அவற்றைக் கிழமை தவறாமல் கேட்டு வருகிறார்கள். உள்ளங்கையின் சிறு தசைகளில் எதற்கு எந்த நரம்பு என்று அவள் கேட்டால் நான் பேச்சை மாற்றுவேன். சிறு டிஸ்பென்சரி நடத்துகிறவனிடம் அதை யாரும் கேட்டதில்லை. ஆகவே அது போய்விட்டது. பட்டமளிப்பு விழாவில் போர்த்திய அங்கி அதைத் தடுத்து வைத்திருக்கவில்லை.

ஒரு மாற்றத்தை மட்டும் எந்தக் கிண்டலும் இல்லாமல் சொல்லலாம். எங்கள் மேசையில் கிடந்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. இன்று யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களில், அன்னாரின் விருப்பப்படி பூதவுடல் மருத்துவ பீடத்திடம் கையளிக்கப்படும் என்ற வரியை அடிக்கடி காண்கிறோம். பெட்டியை மறித்த என் அம்மா அந்த வரிகளைக் கண்ணாடி போட்டு, இரண்டு தரம் வாசிக்கிறா. என்ன நினைக்கிறா என்று கேட்டால், "நல்லதுதானே, பிள்ளையள் படிக்கட்டும்" என்கிறா.

நீங்களும் இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்கள். எல்லாம் விளங்கியது, நினைவில் நிற்கும் என்றும் நினைப்பீர்கள். பத்திரிகையை மூடிவிட்டுச் சொல்லுங்கள்: ஒரு தசையும் வந்து ஒட்டாத அந்தக் கணுக்கால் எலும்பின் பெயர் என்ன? விடை மேலே எங்கோ இருக்கிறது. உடனே போய்ப் பார்க்காதேயுங்கோ.